முப்பத்தெட்டிலிருந்து ஏறுமுகம்

ரவிச்சந்திரனின் மகள் சுமலதாவுக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. அவளுக்குக் கணக்கு நன்றாக வந்தது. அதைக் குறை என்று கண்டுபிடிக்க அரசாங்கத்துக்கே தனியாக ஒரு திட்டம் தேவைப்பட்டதென்றால், பெற்ற தகப்பனுக்கு மட்டும் எப்படித் தெரிந்திருக்கும்?

சேரம்பாடிக்கு மேலே மூங்கில்சோலை டிவிஷன் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அவர்கள் வீடு. மனைவி சாந்தாமணி கொழுந்து பறிக்கிறாள். ரவிச்சந்திரன் தேயிலை ஃபேக்டரி வாசலில் மூட்டைகளை நிறுத்துப் போடுகிறான். பதினாறு வருடமாகத் தராசோடு வாழ்ந்தவனுக்கு எண்கள் மேல் ஒரு மரியாதை உண்டு. முள் காட்டுவதுதான் எடை என்று நம்புகிறவன். பாவம், அந்த நம்பிக்கையோடுதான் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.

வீட்டுச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும். குன்னூர் பக்கம் இருக்கும் தகுதிப் பள்ளியின் நோட்டீஸ் அது. தங்கிப் படிக்கலாம், பன்னிரண்டாவது வரைக்கும் உண்டு. எட்டாவது படிக்கிற பிள்ளைகளுக்கு பிப்ரவரியில் நுழைவுத் தேர்வு வைப்பார்கள். எண்பது மார்க் வாங்கினால் இடம் நிச்சயம். ஆறாவது படிக்கும்போது சுமலதா தானே சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியது. மூங்கில்சோலைப் பள்ளிக்கூடம் பத்தாவதோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் லயத்துப் பெண் பிள்ளைகள் பெரும்பாலும் கூடையைத்தான் மாட்டிக்கொள்வார்கள். “எட்டாவது முடியட்டும், உன்னைய அங்க கொண்டு போய் விடறேன்” என்று ரவிச்சந்திரன் வாக்குக் கொடுத்திருந்தான்.

எட்டாவது ஆரம்பித்து ஒரு மாதத்தில், ஜூலையில், பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. ‘வேர்ப் பிரிவு மாணவர்தம் பெற்றோர் விழிப்புணர்வுக் கூட்டம். தவறாது கலந்துகொள்க.’ வேர்ப் பிரிவு என்றால் ஏதோ பரிசு போலிருக்கிறது என்று நினைத்து, அரை நாள் லீவு போட்டு, சலவைச் சட்டையும் போட்டுக்கொண்டு போனான்.

தலைமையாசிரியர் தனசிங் நல்ல மனுஷர். ஓய்வு பெற இன்னும் பதினெட்டு மாதம் பாக்கி. அந்தப் பதினெட்டு மாதத்தையும் முட்டை ஏந்திப் போகிறவரைப்போல அவர் நடந்து கடந்துகொண்டிருந்தார். கணக்கு டீச்சர் ஹன்னா பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உக்காருங்க ரவி. பயப்படற மாதிரி ஒண்ணுமில்லீங்க. உங்க பொண்ணு நல்லாப் படிக்கிறதால ஒரு சின்னச் சிக்கல்.”

“சொல்லுங்க சார்.”

“ஏறுமுகம்னு புதுத் திட்டம் வந்திருக்குதுங்க. ஜூன்ல வாங்குன மார்க்கிலருந்து மார்ச்சுக்குள்ள ஒவ்வொரு புள்ளையும் இருபது மார்க் ஏறோணும். சுமலதா ஜூன்லயே தொண்ணூத்தாறு. இருபது கூட்டுனா எத்தனைங்க?”

“நூத்திப் பதினாறுங்க.”

“கம்ப்யூட்டர் கட்டத்துல நூறுக்கு மேல போக மாட்டேங்குது. செவப்பு எரியுது. ஒரு புள்ளைக்குச் செவப்புன்னா ஸ்கூலுக்குச் செவப்பு. ஸ்கூலுக்குச் செவப்புன்னா வட்டாரத்துக்கே செவப்பு.”

“அதுக்கு என்ன சார் பண்ணுனீங்க?”

தனசிங் குரலைத் தாழ்த்தினார். “எறக்கிட்டோம்.”

“எத்தனைக்கு?”

“முப்பத்தெட்டு” என்றாள் ஹன்னா டீச்சர், சுவரைப் பார்த்தபடியே.

“ஏனுங்க சார், எழுபது கிழுபதுன்னு போட்டிருக்கலாமுங்களே?”

“நாப்பதுக்குக் கீழருந்து ஏறுனா ரெட்டை மதிப்புங்களாம். வட்டார ஒருங்கிணைப்பாளர் சொல்லித்தான் போட்டோம்.”

ரவிச்சந்திரன் தனக்குத் தெரிந்த வழியில் புரிந்துகொள்ளப் பார்த்தான். “ஈர எலைக்குக் கழிக்கிறமே, அந்த மாதிரிங்களா?”

“அதேதானுங்க!” என்று தனசிங் மலர்ந்து போனார்.

மழை நாளில் நூறு கிலோ இலைக்கு எட்டுக் கிலோ கழிப்பார்கள். தொண்ணூற்றாறில் ஐம்பத்தெட்டைக் கழிக்கும் அளவுக்கு நனைந்த இலையை ரவிச்சந்திரன் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. ஆனால் படித்தவர்கள் கழிக்கும்போது அதற்கொரு காரணம் இருக்கும் என்று நினைத்து எழுந்து கூட்டத்துக்குப் போனான்.

கூட்டத்தில் வட்டார ஒருங்கிணைப்பாளர் சுடலைமணி பேசினார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், முகத்தில் ஒரு நிரந்தரமான கருணை.

“பெற்றோர்களே! உங்க பிள்ளைகள மக்குன்னு நாங்க சொல்ல மாட்டோம். சொல்லக் கூடாதுன்னு சுற்றறிக்கை வந்திருக்கு. அதனால வேர்னு சொல்றோம். வேருக்கு மேல துளிர். துளிருக்கு மேல கொழுந்து. உங்க பிள்ளைகள் இப்ப மண்ணுக்குள்ள இருக்காங்க. அவங்கள மேல கொண்டுவர்றதுக்குத்தான் எனக்கு வண்டியே கொடுத்திருக்காங்க. ஒரு உண்மையச் சொல்றேன். உங்க பிள்ளைகள் மட்டும் கீழ இல்லேன்னா, இந்தத் திட்டமே இல்லை. நானும் இல்லை. நீங்க தலைகுனிய வேண்டியதே இல்லை.”

கைதட்டல் முடிந்ததும் ரவிச்சந்திரன் எழுந்தான். “சார், எம்பொண்ணு தொண்ணூத்தாறு வாங்கியிருக்குதுங்க.”

சுடலைமணி கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். டேப்லெட்டில் ஒரு படிவத்தைத் திறந்தார். “ஏழாவது கேள்வி. பெற்றோர், குழந்தையின் நிலையை ஏற்க மறுக்கிறாரா? ஆம்.” ஒரு டிக்.

ரவிச்சந்திரன் மடித்து வைத்திருந்த விடைத்தாளை எடுத்து நீட்டினான். சிவப்பு மையில் தொண்ணூற்றாறு என்று ஹன்னா டீச்சரே போட்டது.

“எட்டாவது கேள்வி. ஆதாரம் காட்டி வாதிடுகிறாரா? ஆம்.” இன்னொரு டிக். “உங்களுக்கு மூணு தடவை ஆலோசனை வகுப்பு இருக்குங்க. வீட்ல குடிக்கிற பழக்கம் உண்டா?”

“இல்லீங்க.”

“மறுக்கிறார்” என்று சொல்லிக்கொண்டே ஒன்பதாவது கேள்விக்கும் டிக் போட்டார்.

சுமலதாவின் சட்டையில் மண் நிறத்தில் ஒரு பேட்ஜ் ஏறியது. மற்ற பிள்ளைகள் மூன்றரை மணிக்கு வீட்டுக்கு ஓடும்போது அவள் சிறப்பு வகுப்பில் உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு மார்க்குக்குக் கம்ப்யூட்டர் என்ன பாடம் ஒதுக்கியிருந்ததோ அதைத்தான் நடத்த வேண்டும். அது புள்ளிகளை இணைத்து எழுத்து வரைகிற பாடம். ஒவ்வொரு எழுத்தையும் இருபது தடவை எழுதி, எழுதியதைப் போட்டோ பிடித்து அனுப்பினால்தான் அடுத்த எழுத்து திறக்கும். எட்டாவது படிக்கிற பெண், ஒரு பக்கம் ‘ஆ’ வரைந்துவிட்டு மறுபக்கத்தில் வர்க்கமூலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு ‘ஊ’ முடிஞ்சதுப்பா” என்று ஒரு நாள் வந்து சொன்னாள். “ஹன்னா டீச்சர் அழுதாங்க.”

“நீ அழுதியா?”

“எதுக்குப்பா? எனக்குத்தான் ‘ஊ’ நல்லா வருதே.”

சாந்தாமணிக்குத்தான் பொறுக்கவில்லை. “தொண்ணூத்தாறு வாங்குன புள்ளைய மக்குன்னு பேட்ஜ் குத்தி அனுப்புறாங்க, நீங்க வேடிக்கை பாக்குறீங்க. வேர்ப் பிரிவுல இருக்கற புள்ளைங்க குன்னூரு பரீட்சை எழுத முடியாதாமே, தெரியுமா உங்களுக்கு?”

ரவிச்சந்திரனுக்குத் தெரியாது. பள்ளியில் ஒட்டியிருந்த இந்த வருட நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் அது புதிதாகச் சேர்ந்திருந்தது: துளிர், கொழுந்து பிரிவினர் மட்டும் விண்ணப்பிக்கலாம். அன்றைக்கே அவன் தனசிங்கைப் போய்ப் பார்த்தான்.

“அக்டோபர் பரீட்சையில பாருங்க” என்று தனசிங் ஆறுதல் சொன்னார். “நல்லா எழுதுனா தானா மேல போயிரும்.”

சுமலதா நல்லா எழுதினாள். தொண்ணூற்றேழு வாங்கினாள். மறுநாள் காலையில் பள்ளி வாசலில் ஜீப் வந்து நின்றது.

முப்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றேழு என்பது ‘ஐயத்துக்குரிய உயர்வு’. ஒரு பரீட்சைக்கும் அடுத்ததுக்கும் நடுவே பதினைந்து மார்க்குக்கு மேல் ஒரு பிள்ளை ஏறினால் அது படிப்பல்ல, காப்பி. இது சுடலைமணியின் கருத்தல்ல, கம்ப்யூட்டரின் கருத்து. மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு வகுப்பறையை அளந்தது, பெஞ்சுக்குப் பெஞ்சு உள்ள தூரத்தைக் குறித்துக்கொண்டது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் விடைத்தாள்களை வாங்கிப் பார்த்தது. அந்த வகுப்பில் வேறு யாரும் எழுபதைத் தாண்டவில்லை. யாரைப் பார்த்து எழுதினாள் என்று குழுவுக்கு விளங்கவேயில்லை. கடைசியில் அறிக்கையில் இப்படி எழுதினார்கள்: ‘யாரைப் பார்த்து எழுதினார் எனக் கண்டறிய இயலாத அளவுக்கு மாணவி திறமையாகப் பார்த்து எழுதியுள்ளார்.’ தொண்ணூற்றேழு ரத்தானது. முப்பத்தெட்டு நிலைத்தது. கண்காணிப்பில் குறை என்று தனசிங்குக்கு ஒரு மெமோ வந்தது.

“இன்னொண்ணு வந்தா என் பென்சனுக்கே பிரச்சினைங்க ரவி” என்று தனசிங் மெமோவை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். சுமலதா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரவிச்சந்திரன் ஊட்டிக்குப் பஸ் ஏறினான். ஏறுமுக இயக்கத்தின் மாவட்டத் தலைமையகம் அங்கேதான் இருந்தது. காலையில் கிளம்பியவன் மத்தியானம் போய்ச் சேர்ந்து, ஸ்வெட்டர் இல்லாமல் சிமென்ட் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தான். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய வரைபடம் இருந்தது. அதில் ஒரு பச்சைக்கோடு தொட்டபெட்டாவுக்குப் போகிற ரோட்டைப் போல ஏறிக்கொண்டே போயிற்று.

மாவட்ட அதிகாரி எல்சா மேடம் அவனை உட்காரச் சொன்னார், டீ கொடுக்கச் சொன்னார், முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். சொல்லி முடித்தபோது தீர்ந்துவிட்டது என்றே ரவிச்சந்திரன் நினைத்தான்.

“நீங்க சொல்றது உண்மைதாங்க” என்றார் மேடம். “உங்க பொண்ணு தொண்ணூத்தாறுதான். எனக்குத் தெரியும்.”

“அப்பறம் என்னங்க மேடம்? ஒரு கையெழுத்துல மாத்திரலாமுங்களே.”

“உங்க பொண்ணு ஒருத்தின்னா மாத்திடலாம். மாவட்டம் முழுக்க இந்த மாதிரி நானூத்திப் பதினாலு பிள்ளைகள் இருக்காங்க. எல்லாரையும் நிமிர்த்தி வெச்சா, அந்தக் கோடு” என்று சுவரைக் காட்டினார், “படுத்துடும். மாவட்டம் ஏறவே இல்லைன்னு ஆயிடும்.”

“ஏறலதானுங்களே மேடம்?”

எல்சா மேடம் அவனை இரக்கத்தோடு பார்த்தார். “படிப்புங்கறது பிள்ளைகளுக்கு. முன்னேற்றங்கறது மாவட்டத்துக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. நல்லாப் படிக்கிற பிள்ளைகளால எங்களுக்கு என்ன பிரயோஜனம் சொல்லுங்க? அவங்க பாட்டுக்கு அங்கயே நிக்கறாங்க. நாங்க எதைக் காட்டறது?” டீயை ஒரு வாய் குடித்தார். “நான் ஒண்ணும் கல் மனசுக்காரி இல்ல. வழி சொல்றேன். நவம்பர்ல மறுதேர்வு, ஜனவரில ஒரு தேர்வு. அறுபதைத் தாண்டினா துளிர். குன்னூர் பரீட்சை எழுதலாம். ஒரு தடவைக்குப் பதினஞ்சுக்கு மேல மட்டும் ஏறாமப் பாத்துக்கச் சொல்லுங்க. கெட்டிக்காரப் பொண்ணுதானே, பிடிச்சுக்குவா.”

கடைசிப் பஸ்ஸில் திரும்பும்போது, கூடலூர் இறக்கம் முழுக்க ரவிச்சந்திரன் விரல் விட்டுக் கணக்குப் போட்டான். முப்பத்தெட்டும் பதினைந்தும் ஐம்பத்து மூன்று.

அடுத்த வாரம் தலைமையாசிரியர் அறையில் ஒரு வகுப்பு தொடங்கியது. சரியாகப் போடத் தெரிந்த பிள்ளைக்குத் தப்பாகப் போடச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு. தனசிங், ஹன்னா டீச்சர், ரவிச்சந்திரன் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“அம்பத்தொண்ணு போதும் கண்ணு. பாதிக் கணக்குத் தப்பாப் போட்டுரு” என்றார் தனசிங்.

சுமலதா முதல் கணக்கைப் பார்த்தாள். பேனாவை எடுத்தாள், வைத்தாள். பிறகு ஏழை எட்டால் பெருக்கினால் மூன்று என்று எழுதினாள்.

“அப்படி இல்லடா” என்றாள் ஹன்னா டீச்சர் மெதுவாக. “தப்பு நம்பற மாதிரி இருக்கோணும். மூணுன்னு எழுதுனா வேணும்னு எழுதுனதாத் தெரியும். அம்பத்து நாலுன்னு எழுது.”

“அம்பத்து நாலு எப்படி வரும் டீச்சர்?”

தப்பு எப்படி வரும் என்று அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே தெரியவில்லை. கடைசியில் ஹன்னா டீச்சர் மற்ற பிள்ளைகளின் பழைய நோட்டுகளைக் கொண்டுவந்து அடுக்கினாள். கடன் வாங்க மறந்த கழித்தல், இடம் மாறிய புள்ளி, கழித்தல் குறி விட்டுப்போன விடை. சுமலதா அவற்றைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினாள். செய்யாத காப்பிக்குத் தண்டனை வாங்கியவள், தண்டனைக்குப் பிறகுதான் காப்பியடிக்கக் கற்றுக்கொண்டாள்.

முதல் நாள் தப்பாகப் போட்ட கணக்கை வீட்டுக்கு வந்து சரியாகப் போட்டுப் பார்த்து அழுதாள். ரவிச்சந்திரன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தான். “ஒரு ரெண்டு பரீட்சைக்குத்தாண்டா. அப்பறம் நீ குன்னூருக்குப் போயிருவ. அங்க உன் இஷ்டத்துக்குச் சரியாப் போடலாம்.” தன் மகளிடம் இப்படி ஒரு வார்த்தை பேச வேண்டி வந்ததே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

நவம்பரில் ஐம்பத்தொன்று. ஒருவரும் சந்தேகப்படவில்லை. ஜனவரிக்கு எல்லை அறுபத்தாறு.

“அறுபத்தாறே எழுதட்டுங்களா சார்?” என்று ரவிச்சந்திரன் கேட்டான்.

தனசிங் பதறிப்போனார். “வேண்டாமுங்க. எல்லைகிட்டப் போய் நிக்க வேண்டாம். ஒரு மார்க் அதிகமா விழுந்துட்டா ஜீப்பு வந்துரும். அறுபத்தொண்ணு போதும், துளிர் ஆயிரும்.”

சுமலதா அறுபத்தொன்று வாங்கினாள். சுடலைமணியே வந்து மண் நிற பேட்ஜைக் கழற்றி இளம்பச்சை பேட்ஜைக் குத்தினார். ரவிச்சந்திரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “குடியை விட்டீங்க பாருங்க, அதான் பிள்ளை ஏறிடுச்சு” என்றார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடலூரில் நுழைவுத் தேர்வு. இருபத்தைந்து கேள்வி, கேள்விக்கு நான்கு மார்க். வாசலில் பெரிய எழுத்தில் ‘தகுதி மதிப்பெண் 80’ என்று எழுதி வைத்திருந்தார்கள். சுமலதா கையாட்டிவிட்டு உள்ளே போனாள். பெற்றோர்களை வெளியே விட்டு கேட்டைப் பூட்டினார்கள். அப்புறம் மைக்கில் சுடலைமணியின் குரல் வந்தது.

“மாணவச் செல்வங்களே, ஒரு முக்கிய அறிவிப்பு. இன்றைக்கு நீங்க வாங்கற மதிப்பெண், உங்க கடைசி ஏறுமுக மதிப்பெண்ணோட ஒப்பிடப்படும். பதினஞ்சுக்கு மேல வித்தியாசம் வந்தா முடிவு நிறுத்தி வைக்கப்படும். சம்பந்தப்பட்ட தலைமையாசிரியர் மேல விசாரணை நடக்கும். பயப்படாம எழுதுங்க.”

அறுபத்தொன்றும் பதினைந்தும் எழுபத்தாறு. அந்தக் கூட்டலைப் போட ரவிச்சந்திரனுக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. மகளுக்கு அதிலும் பாதிதான் ஆகியிருக்கும். அவன் கேட்டைப் பிடித்து ஆட்டினான். “ஒரு நிமிசம் உள்ள விடுங்க, எம்புள்ளகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்.” வாட்ச்மேன் விரலை உதட்டில் வைத்துக் காட்டினான். எல்லாத்தையும் சரியா எழுதிரு சாமி, எவன் வந்தாலும் பாத்துக்கலாம் என்று அங்கிருந்தே கத்த வேண்டும் போலிருந்தது. தனசிங் மடித்து வைத்த மெமோ ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தவன் கம்பியைப் பிடித்தபடியே நின்றுவிட்டான்.

இரண்டு மணி நேரம் கழித்து சுமலதா வெளியே வந்தாள். முகத்தில் அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை.

“கேள்வியெல்லாம் தெரிஞ்சுதாடா?”

“எல்லாந் தெரிஞ்சுதுப்பா. பத்தொம்பது சரியாப் போட்டேன். ஆறு தப்பாப் போட்டேன். எழுபத்தாறு வரும்.”

“ஏண்டா சாமி…”

“நிறுத்தி வெச்சிருவாங்கல்லப்பா. சாரோட பென்சனும் போயிரும்.” கொஞ்ச தூரம் நடந்த பிறகு, குற்றம் சொல்லாத குரலில், கணக்கைச் சரி பார்ப்பவளைப் போலச் சொன்னாள்: “ஜனவரில சார் அறுபத்தாறு எழுத விட்டிருந்தா, இன்னைக்கு எம்பது எழுதியிருக்கலாம்பா.”

ரவிச்சந்திரன் பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு ஒரு வறுகடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தான். அவள் தின்றாள்.

ஏப்ரலில் முடிவு வந்தது. எழுபத்தாறு. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த மாவட்டத்தில் தான் என்ன மார்க் வாங்கப் போகிறோம் என்பதை இவ்வளவு துல்லியமாகப் போட்டுக்காட்டிய பிள்ளை வேறு எதுவும் இருந்திருக்காது. அதற்குப் பரிசு கொடுக்கிற பள்ளிக்கூடம்தான் எங்கேயும் இல்லை.

பரிசு வேறு பக்கம் போயிற்று. ஊட்டியிலிருந்து எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. ‘வேர்ப் பிரிவில் முப்பத்தெட்டு மதிப்பெண்ணுடன் இருந்த தோட்டத் தொழிலாளியின் மகள், ஏறுமுகம் திட்டத்தால் எழுபத்தாறாக, அதாவது சரியாக இருமடங்காக உயர்ந்துள்ளார். இத்திட்டத்தின் கணிப்பு எவ்வளவு சரியானது என்பதற்கு இதுவே சான்று.’ சுடலைமணிக்குக் கேடயம் கிடைத்தது. தனசிங் சுற்றறிக்கையைக் கண்ணாடி போட்டுத் தன் அறையில் மாட்டினார், மாட்டச் சொல்லியிருந்தார்கள். ஹன்னா டீச்சர் அந்தப் பக்கம் பார்க்காமல் போய் வந்துகொண்டிருந்தாள்.

லயத்துச் சுவரிலிருந்து நோட்டீஸை யாரும் கிழிக்கவில்லை. மழை ஈரத்தில் அதுவாகவே ஒரு ஓரம் பெயர்ந்து தொங்கியது.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. சுமலதா ஒன்பதாவதில் அங்கேயே சேர்ந்தாள். முதல் வாரத்திலேயே தொடக்கத் தேர்வு. அன்று காலை ஃபேக்டரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ரவிச்சந்திரனிடம் பேனாவுக்கு மை இருக்கிறதா என்று உதறிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அப்பா, இந்த வருசம் எத்தனைல ஆரம்பிக்கச் சொல்லியிருக்காங்க?”

தொண்ணூத்தாறுல ஆரம்பி என்று சொல்லத்தான் அவன் வாயெடுத்தான்.

“சாருகிட்டக் கேட்டுக்கம்மா” என்றான்.